எலிக்கு ஏது சட்டம்?

ஜெலுத்தோங்காரன்:
நேற்று இங்கே ஒருவர் பெருமையாக எழுதியிருந்தார்: "ஆய்வுக்கூட விலங்குகளுக்கான சட்டப் பாதுகாப்பு உலகம் முழுக்க இறுகிக்கொண்டேதான் போகிறது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில் விலங்கு நலச் சட்டம் 1966-இல் வந்தது. நடைமுறையில் எலியைச் சேர்க்கவே இல்லை. வழக்குப் போட்ட பிறகு, 2000-இல் விவசாயத் துறை சேர்க்கும் வேலையைத் தொடங்குகிறோம் என்று உடன்பட்டது. சேர்த்தார்களா? 2002-இல் செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் கொண்டுவந்த திருத்தம், ஆய்வுக்கென்று வளர்க்கும் எலி, சுண்டெலி, பறவை எல்லாவற்றையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டது. ஆய்வுக்கூடங்களில் இருப்பவற்றில் பெரும்பாலானவை எலியும் சுண்டெலியும்தான். இதுதான் இறுகுவதா?

செந்தூல்_மைந்தன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். நாம் இருப்பது மலேசியாவில். 1953 சட்டத்தில் மிருகவதைக்கு அபராதம் 200 வெள்ளி (ரிங்கிட்). 2015 விலங்கு நலச் சட்டத்தில் 20,000-இலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை, மூன்று ஆண்டு சிறையும் உண்டு. 2017 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. 200 எங்கே, ஒரு லட்சம் எங்கே?

ஜெலுத்தோங்காரன்:
நான் கேட்டது எலி. நீங்கள் சொல்வது வெள்ளி. அந்த 200-ஐ 2013 திருத்தத்திலேயே 50,000 ஆக்கிவிட்டார்கள் என்பதாவது தெரியுமா, டத்தோ அவர்களே? எலி உள்ளேயா, வெளியேயா?

லேப்கோட்:
நான் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன். பாதியைச் சொல்லி மீதியை மறைக்காதீர்கள். அமெரிக்காவில் பொதுச் சுகாதாரச் சேவையின் ஆய்வு நிதியை வாங்கும் இடமெல்லாம் அதன் விலங்குக் கொள்கைக்குக் கட்டுப்பட வேண்டும். அதில் முதுகெலும்புள்ள எல்லா உயிரும் அடக்கம், எலியும் சேர்த்து. விலங்குப் பராமரிப்புக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஓர் ஊசிகூடப் போட முடியாது.

ஜெலுத்தோங்காரன்:
நிதி வாங்குகிறவர்களுக்கு! வாங்காத தனியார் கம்பெனிக்கு? அங்கே இருக்கும் எலிக்கு வலிக்காதா? பணம் கொடுக்கும்போது போடும் நிபந்தனை வேறு, சட்டம் வேறு. நிபந்தனையை மீறினால் நிதி போகும், அவ்வளவுதான். ஹெல்ம்ஸ் திருத்தம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டன் அழகுப் பொருளுக்காக விலங்கைச் சோதிப்பதை 1998-இல் நிறுத்தியது. 2019-இல் சத்தமில்லாமல் அந்தக் கொள்கையைக் கைவிட்டு மறுபடி உரிமம் கொடுத்தார்கள். விலங்கு நல அமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. 2023 மே மாதம் வந்த தீர்ப்பு, அரசு செய்தது சட்டப்படி செல்லும் என்றது. இருபது வருடத்துக்கும் மேலாக எல்லாரும் தடை என்று நம்பியது வெறும் கொள்கை!

செந்தூல்_மைந்தன்:
அதே மே மாதத்தில் இனிப் புது உரிமம் கிடையாது என்று அரசே அறிவித்ததை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பது உங்கள் வழக்கம். தைப்பூசத்துக்குத் தங்க ரதமா வெள்ளி ரதமா என்ற சண்டையிலும் இப்படித்தான் நின்றீர்கள்.

ஜெலுத்தோங்காரன்:
ரதத்தை இங்கே இழுக்காதீர்கள். அந்த அறிவிப்பும் கொள்கைதான், நாளைக்கு இன்னோர் அமைச்சர் வந்தால் மாறும். அப்புறம், எலிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாயான்பாரு_அக்கா:
எலி எலி என்கிறீர்களே தம்பி, 2015-இல் நம் பினாங்கில் வெறிநாய்க்கடி என்று சொல்லித் தெருநாய்களைக் கொன்றார்களே, அப்போது யாராவது வாய் திறந்தீர்களா? தடுப்பூசி போட்டிருக்கலாமே என்று கத்தினோம். கேட்பாரில்லை.

செந்தூல்_மைந்தன்:
அக்கா, வெறிநாய்க்கடி வந்தால் மனிதனும் சாவான்.

பாயான்பாரு_அக்கா:
அது எனக்கும் தெரியும். உங்களுக்கு நாய் ஆகாது, அதுதான் விஷயம்.

லேப்கோட்:
பன்றியிலிருந்து மனிதருக்கு நிப்பா கிருமி பரவிய காலத்தை மறந்துவிட்டீர்களா? 1998-99-இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆய்வே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அப்போது, அந்தக் கிருமிக்குப் பெயர் கொடுத்த சுங்கை நிப்பா கிராமத்தில் குடியிருந்திருக்க வேண்டும்.

ஜெலுத்தோங்காரன்:
வேண்டாம் என்று யார் சொன்னது? பாதுகாப்பு வேண்டும் என்றேன். அந்தக் கிருமியை மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கௌ பிங் பிரித்தெடுத்தது செல் வளர்ப்பில்தானே, உயிருள்ள விலங்கிலா?

லேப்கோட்:
அது வேரோ செல். 1962-இல் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்தது. குரங்கு தானாக முன்வந்து கொடுத்ததா?

ஜெலுத்தோங்காரன்:
1962 குரங்கைக் காட்டி 2002 எலியை மூடுகிறீர்கள். ரசல், பர்ச் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் இருவரும் 1959-லேயே மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, வலிக் குறைப்பு என்று எழுதிவிட்டார்கள். இத்தனை வருடம் கழித்தும் எலி உள்ளே வந்தபாடில்லை. வெள்ளைக் கோட்டு போட்டால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

லேப்கோட்:
கோட்டைப் பற்றிப் பேச வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறையில் பசை அட்டை இருக்கிறதா, இல்லையா? அதில் ஒட்டிய எலிக்கு எந்தக் குழு ஒப்புதல் கொடுத்தது?

ஜெலுத்தோங்காரன்:
என் சமையலறைக்கு யார் உங்களை அழைத்தது?

செந்தூல்_மைந்தன்:
ஹாஹா, அட்டை இருக்கிறது போல!

பாயான்பாரு_அக்கா:
2015 பற்றி நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

செந்தூல்_மைந்தன்:
ரதத்துக்கும்தான் சொல்லவில்லை அக்கா. மனிதருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.