தனியார் லார்ஜ் கேப் ஃபண்டுகள் ஒப்பீடு: எக்செல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வூதியர்களுக்காக ஓர் ஒப்பீட்டு அட்டவணை தயாரிக்கிறோம். எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ புருடென்ஷியல், நிப்பான் இந்தியா, கோட்டக் நான்கின் லார்ஜ் கேப் (பெரிய நிறுவனப் பங்குகளில் போடும்) மியூச்சுவல் ஃபண்டு திட்டங்கள். எல்லாமே டைரக்ட் (முகவர் கமிஷன் இல்லாதது), குரோத் (லாபத்தைப் பிரித்துத் தராமல் ஃபண்டிலேயே விடுவது). கமிஷன் உள்ள ரெகுலரைக் கலந்தால் கமிஷன் வித்தியாசம் ஃபண்டு மேனேஜரின் திறமைபோலத் தெரியும். டிவிடெண்ட் வகையில் பணம் கொடுத்த அன்றே என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு) இறங்கும், கணக்கே கெட்டுவிடும்.

ஆம்ஃபி (மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கம்) தளத்திலிருந்து 2013 ஜனவரி முதல் மாதக் கடைசி என்ஏவி எடுத்தாயிற்று. மாத வருமானத்தின் திட்டவிலக்கத்தை √12 ஆல் பெருக்கினால் ஆண்டு ரிஸ்க். ஒப்பிடுவது நிஃப்டி 100 டிஆர்ஐ-யுடன் (100 பெரிய நிறுவனங்களின் குறியீடு, டிவிடெண்டையும் சேர்த்தது). வெறும் நிஃப்டி 100-இல் டிவிடெண்ட் சேராது, ஃபண்டு ஜெயித்ததாக ஏமாற்றும்.

இரண்டு இடத்தில் நிற்கிறோம். ஷார்ப் விகிதத்துக்கு (எடுத்த ரிஸ்க்குக்குக் கிடைத்த கூடுதல் வருமானம்) 91 நாள் கருவூலப் பத்திர வட்டியை 12 ஆல் வகுத்துக் கழித்தால் போதுமா, கூட்டு வட்டி முறையில் மாதத்துக்கு மாற்ற வேண்டுமா?

அதைவிடப் பெரிய சந்தேகம்: குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடத்திலுள்ள நிறுவனங்களில் போட வேண்டும் என்ற செபி (பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பு) விதி 2017 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன் இதே ஃபண்டுகள் மிட் கேப்பிலும் (நடுத்தர நிறுவனங்கள்) தாராளமாகப் போடலாம். அந்த ஆண்டுகளை வெட்டிவிடலாமா? வெட்டினால் 5 ஆண்டு ரோலிங் ரிட்டர்னுக்குத் (ஒவ்வொரு மாதத்திலிருந்தும் தொடங்கிக் கணக்கிடும் 5 ஆண்டு வருமானம்) தரவு மெலிகிறது. செய்து பார்த்தவர்கள் ஃபார்முலாவோடு சொல்லுங்கள், தயவுசெய்து.