'செய்துகொண்டார்' என்பதில் என்ன குற்றம்?

வெண்மதி:
மனநல அமைப்புகளில் மக்கள் தொடர்புப் பணி என்றால் "உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று பதாகை கட்டிவிட்டு மீதி நாளெல்லாம் சம்பளம் வாங்குவது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக அந்தச் சம்பளத்தை வாங்குகிறவள் நான். ஒரு மாணவரின் மரணம் செய்தியாகிற இரவில் நாளிதழ் நாளிதழாக அழைத்து, இறந்த முறையைத் தலைப்பில் போடாதீர்கள், 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணைச் சேர்த்துப் போடுங்கள், 'தற்கொலை செய்துகொண்டார்' என்பதைத் தவிர்த்து 'தற்கொலையால் உயிரிழந்தார்' என்று எழுதுங்கள் என்று மன்றாடுவதும் இந்தப் பணிதான்.

பழைய துணையாசிரியர்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 'செய்துகொண்டார்' என்பதில் என்ன குற்றம் அம்மா? ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் 'commit' என்ற வினை குற்றம் இழைப்பதற்கும் வழங்குவதால் அவர்கள் அதை விலக்கினார்கள். தமிழில் நாம் திருமணம் செய்துகொள்கிறோம், சமாதானம் செய்துகொள்கிறோம், சவரமும் செய்துகொள்கிறோம். ஆங்கிலேயனுக்குத் தலைவலி என்றால் தமிழன் தைலம் தடவிக்கொள்ள வேண்டுமா?

இதழியல் மாணவி:
இந்தப் பணியில் சேர உளவியல் படித்திருக்க வேண்டுமா, இதழியல் போதுமா? முதலில் இந்தப் பணி எது என்று யாராவது வரையறுத்தால் நன்றாக இருக்கும்.

வெண்மதி:
சவரத்தோடு ஒப்பிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது ஐயா? தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு குற்றவாளியாகவே நடத்தியது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவுதான், வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றது. பரபரப்பான சொற்களைத் தவிர்க்கும்படி 2019இல் இந்தியப் பத்திரிகை மன்றமே உங்கள் துறைக்குச் சொல்லியிருக்கிறது.

பழைய துணையாசிரியர்:
தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 இல்லவே இல்லை. செத்த பாம்பை அடிக்கிறீர்கள். பத்திரிகை மன்றத்தின் நெறிமுறையில் 'செய்துகொண்டார்' என்ற தமிழ்ச் சொல் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன்.

மனநலச் செவிலி:
பாம்பு முழுதாகச் சாகவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கும் நோக்கத்துடன் தற்கொலைக்கு முயன்றால் அந்தச் சன்ஹிதாவின் 226ஆம் பிரிவு இருக்கிறது. அது கிடக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் இறந்தார்கள். அவர்கள் உயிரோடு இருந்தபோது அவர்களுக்காகப் பேச ஆளில்லாமல் போனதை விட்டுவிட்டு, இருவரும் வினைமுற்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பழைய துணையாசிரியர்:
ஏர்வாடியை எடுத்தது நல்லது. உச்ச நீதிமன்றம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது நாளிதழ்ச் செய்திகளைக் கண்டுதான், எந்த மக்கள் தொடர்பாளரின் அறிக்கையைக் கண்டும் அல்ல. கவனியுங்கள், நீதிமன்றமும் 'எடுத்துக்கொண்டது'.

யாழ்நிலவன்:
எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் 'உளநலம்' என்றே எழுதுகிறோம். 'மனநலம்' என்ற சொல்லையே திருத்த முன்வராதவர்கள் வினையைத் திருத்தப் புறப்பட்டிருப்பது வேடிக்கை.

வெண்மதி:
சென்ற மாதம் அந்தச் சண்டையில் என்னை 'மொழிக்கொலையாளி' என்றவர் நீங்கள். அது எனக்கு மறக்கவில்லை. துணையாசிரியர் ஐயாவுக்கு ஒன்று: 'தற்கொலை' என்ற சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது, அதனோடு 'செய்' சேரும்போது இறந்தவர் கொலை செய்தவராகிறார். மகனை இழந்த ஒரு தாய் அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு, "என் பிள்ளை யாரைக் கொன்றான்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

பழைய துணையாசிரியர்:
அந்தத் தாயின் துயரத்துக்கு முன் நான் பேச மாட்டேன். உங்களிடம் பேசுகிறேன். நீங்கள் பரிந்துரைக்கும் 'தற்கொலையால் உயிரிழந்தார்' என்பதிலும் அதே கொலைதான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்பாரும் உண்டு. அதிலும் 'கொண்டார்' இருக்கிறது. ஆகவே மீண்டும் கேட்கிறேன், 'செய்துகொண்டார்' என்பதில் என்ன குற்றம்?

வெண்மதி:
நான்கு முறை கேட்டுவிட்டீர்கள், நானும் சொல்லிவிட்டேன்.

பழைய துணையாசிரியர்:
தலைப்பையும் சேர்த்தால்கூட மூன்று முறைதான். எண்ணிக்கையையாவது சரிபார்த்துவிட்டு அறிக்கை விடுங்கள்.

இதழியல் மாணவி:
என் கேள்வி மேலே இருக்கிறது.