இத்தாலியில் சுவரோவியச் செப்பனிடல்: கோடைக்காலப் பயிற்சியா, ஐந்தாண்டுப் படிப்பா?

கேள்வி: காவிக்கோடு

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் வண்ணக்கலைப் பட்டம் பெற்று, இப்போது கோயில்களில் வண்ணப் பூச்சு வேலை எடுத்துச் செய்யும் குழு ஒன்றில் பணியாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு மண்டபத்தில் பழைய விதான ஓவியத்தின் மேல் எனாமல் பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். நான் மறுத்ததால் வேறொருவரைக் கொண்டு அடித்து முடித்தார்கள். அதன் பிறகு, புதிதாகத் தீட்டுவதைவிட இருப்பதைக் காப்பாற்றும் தொழிலைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது.

பிளாரன்ஸ் நகரத்தில் தனியார் கலைக்கூடங்கள் கோடைக்காலத்தில் சில வாரப் பயிற்சி நடத்துகின்றன. ஈரச் சுண்ணாம்பில் ஃப்ரெஸ்கோ தீட்டுவது, ஓவியத்தைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுப்பது, சிதைந்த இடங்களை நிரப்புவது எல்லாவற்றையும் நேரடியாகக் கையால் செய்து பழகலாம் என்கிறார்கள். மறுபக்கம் அரசு நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. கோடைப் பயிற்சியை முடித்தால் செப்பனிடும் பணியில் சேர முடியுமா, அல்லது அது ஆர்வலர்களுக்கான பொழுதுபோக்கு மட்டுமா என்று தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நான் வேதியியல் படிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நகையை அடகு வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: நீற்றுச்சுண்ணாம்பு

அன்புச் சகோதரிக்கு, நீங்கள் குறிப்பிடும் வகையான பயிற்சி ஒன்றில் பிளாரன்ஸில் படித்தவன் என்ற முறையில், அங்கே உண்மையில் என்ன கற்றுத்தருகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். வேலைவாய்ப்பைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

தொடக்கத்தில் தூரிகையைத் தொட விடமாட்டார்கள். மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்து வெண்ணெய்ப் பதத்திற்கு வந்த நீற்றிய சுண்ணாம்பு வாளிகளில் இருக்கும். அதனுடன் சலித்த மணலைச் சேர்த்துக் குழைத்து, அரிச்சோ எனப்படும் முரட்டுப் பூச்சை முதலில் போட வேண்டும். அது இறுகியதும் காவிநிறத்தால் கோட்டுருவம் வரைகிறோம். இதற்குச் சினோப்பியா என்று பெயர். அதன்மேல், அன்றைய பொழுதுக்குள் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் மெல்லிய மேற்பூச்சைப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் அரைத்த நிறமியால் தீட்ட வேண்டும். பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கல்லாக மாறும்போது நிறமியையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது.

பூச்சுப் போட்ட கையோடு தூரிகையை வைத்தால் சாந்து கிளறிக்கொண்டு வரும். விரலால் மெல்ல அழுத்தினால் தடம் பதியாத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின் சில மணி நேரம் சுவர் நிறத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் தூரிகை இழுபடத் தொடங்கும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். தீட்டப்படாமல் எஞ்சிய பூச்சை அன்று மாலையே கரணையால் சாய்வாக வெட்டி எறிகிறார்கள். மறுநாள் பூச்சு அந்த விளிம்பில் வந்து சேரும். சாந்தா மரியா தெல் கார்மினே ஆலயத்தின் பிரன்காச்சி சிற்றாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் மசாச்சோ தீட்டிய பகுதிகளில் இந்தச் சேர்மானக் கோடுகளைத் தேடிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தினார் என்பது புலப்படும்.

எந்த நிறம் சுண்ணாம்பைத் தாங்கும், எது தாங்காது என்பதும் கையோடு பழகிவிடுகிறது. காவி, மஞ்சள் மண், பச்சை மண் ஆகியவை தாங்கும். ஈய வெள்ளை சுவரில் காலப்போக்கில் கறுத்துவிடும். அசுரைட் என்ற நீலக்கல் பொடியைக் காய்ந்த சுவரில் பசை சேர்த்துத்தான் பூசினார்கள். பல ஆலயங்களில் மரியன்னையின் மேலாடையில் மட்டும் நீலம் உதிர்ந்துபோய்க் கிடப்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சியின் இறுதிப் பகுதியில், நாமே தீட்டிய ஓவியத்தின் மேல் சூடான விலங்குப் பசையைத் தடவி மெல்லிய பருத்தித் துணியை ஒட்டி, அதன்மேல் முரட்டுத் துணியையும் ஒட்டிக் காயவிடுவோம். பசை காயக் காயச் சுருங்கி, வண்ண அடுக்கை இறுகப் பற்றிக்கொள்கிறது. பிறகு கீழ் மூலையிலிருந்து துணியை இழுத்தால் ஓவியம் தோல் உரிவதுபோல் சடசடவென்ற ஒலியோடு பிரிந்து வருகிறது. சுவரில் அதன் மங்கலான நிழல் மட்டும் எஞ்சும். ஸ்திராப்போ எனப்படும் முறை இதுதான். ஓர் ஓவியர் என்ற முறையில் எனக்கு மிகுந்த பயன் தந்த பயிற்சி. ஆனால் கையில் கிடைத்தது பங்கேற்புச் சான்றிதழ் மட்டுமே.

பதில்: மணியாசுக்கட்டை

நான் இத்தாலியில் இதே துறையில் ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, ஆலயச் சுவரோவியங்களில் பணியாற்றுகிறேன். மேலே நண்பர் எழுதியவை அனைத்தும் சரி. ஆனால் அவர் கற்றது ஃப்ரெஸ்கோ தீட்டும் கலை. செப்பனிடல் என்பது வேறு தொழில். இந்த இரண்டையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்துப் போடுவதுதான் குழப்பத்திற்கு வேர்.

இத்தாலியில் செப்பனிடுநர் என்பது சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழில். 2009ஆம் ஆண்டு ஆணைகளின்படி, 300 மதிப்பலகுகள் (கிரெடிட்) கொண்ட ஐந்தாண்டுப் படிப்பையும் இறுதித் தேர்வையும் முடித்தவரே அந்தப் பெயரில் பொதுச் சொத்தான கலைப்பொருள்களின் மேல் கைவைக்கலாம். சுவரோவியம், கல், சாந்து ஆகியவை முதலாம் தொழிற்பிரிவில் வருகின்றன. ரோம் நகரத்தில் 1939இல் தொடங்கப்பட்ட மத்தியச் செப்பனிடல் நிறுவனம், பிளாரன்ஸில் 1588இல் அந்நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்தின் கல்லிழைப்புக்கூடமாகத் தொடங்கிய ஒப்பிஃபீச்சோ தெல்லே பியேத்ரே தூரே, தூரின் அருகிலுள்ள வெனாரியா ரெயாலே, உர்பினோ பல்கலைக்கழகம் ஆகியவை இப்படிப்பை நடத்துகின்றன. இடங்கள் மிகக் குறைவு. முதலிரண்டின் நுழைவுத் தேர்வில் வரைகலைத் தேர்வும், நிறத்தை நிறத்தோடு பொருத்தும் கைத்திறன் தேர்வும், கலை வரலாற்றையும் அறிவியலையும் சேர்த்துக் கேட்கும் வாய்மொழித் தேர்வும் உண்டு.

ஐந்தாண்டுகள் எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு பிளாரன்ஸுக்குள் புகுந்தபோது, சுவர்களில் ஏறிய ஈரம் உப்புகளைக் கரைத்து மேலே கொண்டுவந்தது. கால்சியம் கார்பனேட்டாக இருந்த ஓவியப் பரப்பு சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாக மாறி, உப்பிப் பொடியாக உதிரத் தொடங்கியது. வேதியியலாளர் ஃபெரோனியும் செப்பனிடுநர் தினோ தினியும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். முதலில் அம்மோனியம் கார்பனேட்டை மரக்கூழில் ஊறவைத்துப் பற்றுப் போட்டு ஜிப்சத்தை மீண்டும் கார்பனேட்டாக்குவது. அடுத்து பேரியம் ஹைட்ராக்சைடு பற்றுப் போட்டு, எஞ்சிய சல்பேட்டைக் கரையாத பேரியம் சல்பேட்டாக முடக்கி, உதிரும் பரப்பையும் இறுக்குவது. இந்தப் பற்றைப் போடும் கைவேலையை ஒரு வாரத்தில் யாருக்கும் கற்றுத்தந்துவிடலாம். எந்தச் சுவரில் போடக்கூடாது என்று முடிவெடுக்கத்தான் ஆண்டுகள் தேவை. செம்பு கலந்த நிறமியோ, பசை கலந்து காய்ந்த சுவரில் தீட்டிய பகுதியோ இருந்தால் அதே பற்று ஓவியத்தைக் கெடுத்துவிடும்.

பெயர்த்தெடுப்பதைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளத்திற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏராளமான ஓவியங்களைப் பெயர்த்தார்கள். இன்றோ அது வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்யும் அறுவைச் சிகிச்சை. பீசா நகரத்துக் கம்போசாந்தோ என்ற பழைய கல்லறை வளாகத்தில் 1944 ஜூலையில் குண்டுவீச்சால் கூரை எரிந்து, உருகிய ஈயம் சுவர்களில் வழிந்த பிறகு பெயர்த்த ஓவியங்களில் விலங்குப் பசை தங்கிக் கெட்டிப்பட்டுவிட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பின் ஸ்பினெல்லோ அரெத்தினோவின் ஓர் ஓவியத்தில் அந்தப் பசையை நீக்க, வழக்கமான முறைகள் தோற்று, அதைத் தின்னும் பாக்டீரியாவைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கோடைப் பயிற்சியில் சடசடவென்று உரிந்து வரும் பசைதான் இதுவும்.

சிதைந்த இடத்தை நிரப்புவதிலும் கட்டுப்பாடு உண்டு. ரோம் நிறுவனத்தின் முதல் இயக்குநர் செசாரே பிராந்தி வகுத்த நெறியில், நீர்வண்ணத்தால் மிக மெல்லிய செங்குத்துக் கோடுகளை நெருக்கமாகப் போட்டு நிரப்புகிறோம். எட்ட நின்றால் உருவம் முழுமையாகத் தெரியும்; கிட்டே வந்தால் எது பழையது, எது நம் கை என்பது ஒளியாமல் தெரியும். நன்றாகத் தீட்டப் பழகியவர்களுக்கு இது எரிச்சலூட்டும், ஏனெனில் தன் திறமையைக் காட்ட இங்கே இடமே இல்லை.

பதில்: பலெர்மோவிலிருந்து

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்டகாலமாகப் பலெர்மோவில் வசிக்கிறேன். கலை எனது துறையில்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறு நாளுக்கு உட்பட்ட பயிற்சியென்றால் செங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) குறுகியகால விசா போதும். ஐந்தாண்டுப் படிப்புக்குத் தேசிய விசா எடுத்து, வந்திறங்கி எட்டு வேலைநாளுக்குள் தபாற்கந்தோரில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் அனுமதியில் கிழமைக்கு இருபது மணித்தியாலம்வரை வேலை செய்யலாம். ஆனால் கடையிலோ உணவகத்திலோதான் முதலில் வேலை கிடைக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் இத்தாலிய மொழி. கோடைப் பயிற்சியில் ஆங்கிலத்தில் சொல்லித்தருவார்கள். அரசு நிறுவனங்களில் விரிவுரை, தேர்வு, சாரத்தில் நின்று மேற்பார்வையாளர் இடும் கட்டளை எல்லாமே இத்தாலியத்தில்தான். ஊரில் இருக்கும்போதே ஓராண்டாவது மொழியைப் படியுங்கள். நகையை அடகு வைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பதில்: விதானம்

இத்தாலிக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே கற்றதை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒருவரும் அழுத்திச் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு அஜந்தாவுக்கு அழைத்து வந்தவர்கள் இத்தாலிய வல்லுநர்களான செக்கோனியும் ஓர்சினியும். உதிரவிருந்த பூச்சை அவர்கள் திறமையாக நிலைநிறுத்தினார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் மேலே பூசிய அவலரக்கு (ஷெல்லாக்) வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகிக் கறுத்துவிட்டது. அதை நீக்கத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பல பத்தாண்டுகள் பாடுபட்டார்கள். அஜந்தா ஃப்ரெஸ்கோவே அல்ல. நார் கலந்த மண்பூச்சின் மேல், காய்ந்த பரப்பில் பசை கலந்து தீட்டியது. அதில் ஈரப் பற்றைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்த சோழர் ஓவியங்கள் சுண்ணாம்புப் பூச்சில் அமைந்தவை. சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, அவை ஈரச் சுவரில் தீட்டிய உண்மையான ஃப்ரெஸ்கோ என்று முடிவுகட்டினார். அவற்றின் மேல் இருந்த நாயக்கர் கால ஓவிய அடுக்கை அழிக்காமல் பெயர்த்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தியதும் நம் தொல்லியல் துறைதான். ஆகவே முதலில் இங்கே ஒரு செப்பனிடல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேருங்கள். லக்னோவில் செப்பனிடலுக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது. நொய்டாவிலுள்ள இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் முதுகலைப் படிப்பு இருக்கிறது. பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் (INTACH) அமைப்பின் செப்பனிடல் மையங்களும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்காமல் நேரே பிளாரன்ஸ் போவது அவசரம்.

காவிக்கோடு

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. கோடைப் பயிற்சிக்காகக் கடன் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். மணியாசுக்கட்டை அவர்களிடம் ஒரு கேள்வி: என் பட்டத்தைக் காட்டினால் ஐந்தாண்டுப் படிப்பில் ஏதேனும் ஆண்டு குறையுமா? வேதியியலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மணியாசுக்கட்டை

பொதுவாகக் குறையாது, முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். விதானம் அவர்கள் சொன்ன அவலரக்கு நிகழ்ச்சியை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இன்றைய படிப்பில் முதலில் சுவரின் மூலப்பொருளை ஆராய்ந்து, பின்னரே மருந்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்குவது இத்தகைய பழைய தவறுகளால்தான். நம் நாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்தால் வகுப்பில் மற்ற மாணவர்களைவிட நீங்கள் முன்னே நிற்பீர்கள்.

வேதியியலில் அமிலம், காரம், உப்பு, கரைதிறன் இவற்றைப் பள்ளிப் பாடநூலிலிருந்தே படியுங்கள். கூடவே கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி, கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்துகொண்டு நீற்றி, நாட்டு ஓடுகளில் பூசி, பத்துப் பன்னிரண்டு மாதிரிகள் தீட்டிப் பாருங்கள். பாதியை ஈரத்திலும் பாதியை காய்ந்த பின் பசை கலந்தும் தீட்டுங்கள். ஆறு மாதம் கழித்து ஈரப் பஞ்சால் ஓரத்தில் மெல்லத் தடவி, எது பஞ்சில் ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்பதை ஒவ்வொரு ஓட்டுக்கும் தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பேட்டை நேர்காணலுக்குக் கொண்டு போங்கள். கேள்விகள் அதிலிருந்தே வரும்.