அப்பத்தாவின் சுங்குடிப் புடவைகளில் ஒரு போர்வை: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மறைந்த எங்கள் அப்பத்தாவின் ஏழு மதுரைச் சுங்குடிப் புடவைகளை, அவருடன் திண்ணையில் அமர்ந்து 30 ஆண்டுகள் கதை பேசிய தோழியர் இருவரும் நானும் சேர்ந்து, தலைத்திவசத்துக்குள் ஒரே போர்வையாகத் தைத்துவிட முனைந்திருக்கிறோம். அரக்குப் புடவையைக் கல்லுப்பு நீரில் ஊறவைத்தும் சாயம் நிற்காமல், நூலால் முடிச்சிட்டு எடுத்த வெள்ளைப் புள்ளிகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. புள்ளி போனால் சுங்குடி ஏது? கொசுவம் மடித்த இடங்களில் துணி நைந்திருப்பதால், ஊசி பட்டாலே விட்டுப்போகிறது. வங்காளத்துக் காந்தா போர்வையைப் போலப் பழைய புடவைகளையே அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் தாங்குமா, அல்லது அடியில் மல் துணி கொடுத்துத் தைக்க வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். முந்தானையில் உள்ள வெற்றிலைக் கறையைப் போக்க வழி கேட்கவில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று தோழியர் இருவரும் சொல்லிவிட்டார்கள்.