ஜாமீன் கையெழுத்து முதலீடு ஆகாது: எஸ் கார்ப்பரேஷன் நட்டத்தில் நான் கண்டது

நானும் என் நண்பரும் 2022-ஆம் ஆண்டு நியூ ஜெர்சியின் எடிசனில் ஒரு மளிகைக் கடை தொடங்கினோம். ஆளுக்குப் பாதிப் பங்கு. எஸ் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவன வகையில் லாபமும் நட்டமும், ஒவ்வொருவர் பங்கையும் காட்டும் கே-1 படிவத்தின் வழியே பங்குதாரரின் சொந்த வரிக் கணக்குக்கே வந்துவிடும் என்பதால் அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். இருவரும் தலா 40,000 டாலர் போட்டோம். வங்கி நிறுவனத்துக்கு 1,80,000 டாலர் கடன் கொடுத்தது. அதற்கு இருவரும் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் கையெழுத்துப் போட்டோம்.

முதல் ஆண்டு நட்டம் 1,24,000 டாலர். என் பங்குக்கு வந்த 62,000 டாலரையும் என் சம்பள வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பி, வரிக் கணக்கைத் தயாரிக்கும் சி.பி.ஏ.யிடம் (உரிமம் பெற்ற கணக்காளரிடம்) போனேன். அவர், எவ்வளவு நட்டத்தைக் கழிக்கலாம் என்று கணக்கிடும் 7203-ஆம் படிவத்தை எடுத்து வைத்து, "நீங்கள் கையிலிருந்து போட்டது எவ்வளவு?" என்று ஒரே கேள்வி கேட்டார். நான் வங்கிக் கடனையும் சேர்த்துச் சொன்னேன். அவர் பேனாவால் அந்தத் தொகையை மட்டும் அடித்துவிட்டு, 40,000 என்று எழுதினார். மீதி 22,000 டாலர் அந்த ஆண்டு கழிக்க முடியாத நட்டமாக அடுத்த ஆண்டுக்குப் போயிற்று.

அன்று எனக்கு வந்த ஆதங்கம் சிறியதல்ல. கடை மூழ்கினால் வங்கி என் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அப்படியிருந்தும் அந்தப் பொறுப்புக்கு வரிச் சட்டத்தில் மதிப்பில்லையா என்று கேட்டேன். ஜாமீன்தாரராக நீங்கள் உண்மையில் பணம் கட்டும் நாளில்தான் அது உங்கள் கணக்கில் ஏறும், கூட்டாண்மை நிறுவனத்துக்கான விதி வேறு, எஸ் கார்ப்பரேஷனுக்கான விதி வேறு என்று அவர் விளக்கினார். பங்குக்காகப் போட்ட பணம், நிறுவனத்துக்கு நாமே நேரடியாகக் கொடுத்த கடன் ஆகிய இரண்டையும் வைத்துக் கணக்கிடும் 'பேசிஸ்' என்ற தொகைக்கு மேல் நட்டத்தைக் கழிக்க முடியாது. அந்தத் தொகை ஒருமுறை எழுதி வைத்துவிடுவதும் அல்ல. லாபம் வந்தால் ஏறும், பங்குதாரர் பணம் எடுத்தால் இறங்கும், நட்டத்தைக் கழித்தால் மேலும் இறங்கும்.

2023 பிப்ரவரியில் கடைக்கு மீண்டும் பணம் தேவைப்பட்டது. நான் என் வீட்டின் பேரில் 30,000 டாலர் கடன் வாங்கி, என் சொந்தக் கணக்கிலிருந்து நிறுவனத்துக்குக் காசோலை கொடுத்து, வட்டியும் தவணையும் குறித்துப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டேன். நண்பர் அதே 30,000 டாலரை வங்கி நேரடியாக நிறுவனத்துக்குக் கொடுக்கும்படி செய்து, ஜாமீன் மட்டும் போட்டார். கடைக்கு வந்து சேர்ந்த பணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்த ஆண்டு என் பங்குக்கு வந்த 5,000 டாலர் நட்டத்தோடு பழைய 22,000-ஐயும் சேர்த்து 27,000 டாலரை நான் கழித்துக்கொண்டேன். அவரால் ஒரு டாலரைக்கூடக் கழிக்க முடியவில்லை. முதல் ஆண்டே இந்த விதி தெரிந்திருந்தும் அவரை நான் வற்புறுத்தித் தடுக்காமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

பேசிஸ் இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நட்டத்தில் உண்மையிலேயே நம் பணம் சிக்கியிருக்கிறதா, தொழிலில் நாமே ஈடுபட்டு உழைத்தோமா என்ற சோதனைகள் அடுத்து வருகின்றன. நான் வேறு வேலையில் இருப்பவன் என்பதால், சனி ஞாயிறுகளில் கடையில் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆண்டுக்கு 500 மணி நேரத்தைத் தாண்டியதைக் காட்ட அது உதவியது. இவற்றுக்கும் மேலே, தனிநபருக்கு 3,05,000 டாலர், கூட்டாகக் கணக்குக் கொடுக்கும் தம்பதியருக்கு 6,10,000 டாலர் என, ஓர் ஆண்டில் கழிக்கக்கூடிய தொழில் நட்டத்துக்கு 2024-இல் ஒரு பொது வரம்பும் இருந்தது. எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களை அது தொடுவதில்லை.

நான் எதிர்பாராத வரி 2024-இல் வந்தது. அந்த ஆண்டு என் பங்குக்கு 12,000 டாலர் லாபம் வந்து, 27,000-ஐக் கழித்ததால் 3,000-ஆகக் குறைந்திருந்த என் கடன் பேசிஸ் (நான் கொடுத்த 30,000 டாலர் கடனுக்கான பேசிஸ்) 15,000-ஆக உயர்ந்தது. டிசம்பரில் நிறுவனம் என் கடனில் 20,000 டாலரைத் திருப்பிக் கொடுத்தது. என் சொந்தப் பணம்தானே திரும்பி வருகிறது என்று நினைத்தேன். ஆனால் 30,000 டாலர் கடனுக்குப் பாதி பேசிஸ்தான் இருந்ததால், வந்ததில் பாதியான 10,000 டாலர் வருமானமாயிற்று. புரோநோட்டு இருந்ததால் அது நீண்டகால மூலதன ஆதாயமாக, குறைந்த விகிதத்தில் வரிக்குட்பட்டது. வாய்ப்பேச்சாகக் கொடுத்திருந்தால் சாதாரண வருமானத்துக்கான விகிதத்தில் கட்டியிருப்பேன்.

நண்பரின் லாபப் பங்கான 12,000 டாலர் அவருடைய பழைய நட்டத்தில் அவ்வளவை ஈடுகட்டியது. இன்னும் 15,000 டாலர் நிற்கிறது. அவர் தம் பங்கை என்னிடம் விற்றுவிட்டு டெக்சாஸுக்குக் குடிபெயர விரும்புகிறார். பங்கு முழுவதும் கைமாறினால், அதுவரை கழிக்கப்படாமல் நிற்கும் நட்டம் அவரோடு போகாது, எனக்கும் வராது. வாழ்க்கைத் துணைக்கோ, மணமுறிவை ஒட்டி முன்னாள் துணைக்கோ மாற்றும்போது மட்டுமே அது கூடவே செல்லும். ஆகவே விற்கும் முன் அவர் கையிலிருந்து பணம் போட வேண்டும், அல்லது அடுத்த லாபம் வரும்வரை பொறுக்க வேண்டும். அவர் பொறுக்கிறார், விற்பனைப் பத்திரம் கையெழுத்தில்லாமல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.