ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் – எனக்கு வயசு தாண்டிடுச்சா? அவசரம், தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஷிப்ட்காரன்_ஓசூர்
எல்லாருக்கும் வணக்கம். ஏர்ஃபோர்ஸ்ல ஆபீசரா போகணும்னு ஸ்கூல் படிக்கறப்பவே ஆசை. நடுவுல வேலை, வீட்டுக் கடன்னு அப்படியே விட்டுப்போச்சு. இப்ப போட்டா எடுப்பாங்களா? கிருஷ்ணகிரில ஒரு கோச்சிங் சென்டர்ல விசாரிச்சேன். ஓபிசிக்கு 3 வருஷம் ரிலாக்சேஷன் இருக்கு, அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நாளைக்குள்ள 40 ஆயிரம் கட்டுங்கன்னு சொல்றாங்க. கட்டலாமா? வீட்ல வேற ஆவணிக்குள்ள முடிச்சிடணும்னு நிக்கறாங்க. செகண்ட் ஷிப்ட் கிளம்பறேன், ராத்திரி வந்து பாக்கறேன்.

காவேரிப்பட்டணத்தான்
வயசு தாண்டிடுச்சான்னு கேக்கறீங்க, வயசு என்னன்னு சொல்லலயே தம்பி.

பாலக்கோடு_தக்காளி
ஆவணிக்குள்ள எதை முடிக்கணும்? கடனையா, கல்யாணத்தையா?

அரூர்_அக்கா
தம்பி, முதல்ல அந்த 40 ஆயிரத்தைக் கட்டாதீங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம். இதெல்லாம் தெரிஞ்சாதான் பதில் சொல்ல முடியும்: எந்த வருஷம் எந்த மாசம் பிறந்தீங்க, என்ன டிகிரி, எத்தனை பர்சன்ட், பிளஸ் டூல கணக்கும் பிசிக்ஸும் இருந்துச்சா, பைலட்டா போகணுமா இல்ல எந்த பிராஞ்சா இருந்தாலும் சரியா.

தொப்பூர்_கணவாய்
ஏர்ஃபோர்ஸ் ஆபீசர்னா பைலட்தானே அக்கா. அதுக்கு 24 வயசு. ஆனா வழி இருக்கு. சிபிஎல், அதான் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், கையில இருந்தா 26 வரைக்கும் விடறாங்க, ரூல்லயே இருக்கு. தம்பி பேங்க் லோன் போட்டு சிபிஎல் எடுத்துடுங்க. ஏர்ஃபோர்ஸ் கிடைக்கலன்னாலும் இண்டிகோல ஏறிக்கலாம். நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன்.

சார்ஜென்ட்_ஓய்வு
இந்த மாதிரி இழை மாசத்துக்கு ஒண்ணு வருது. யாரும் நோட்டிபிகேஷனைத் திறந்து படிக்கறதில்ல. அதுலயே வயசு போட்டிருக்கு. ஒரு பிடிஎஃப் படிக்கப் பொறுமை இல்லாதவர் அகாடமில 62 வாரம் எப்படித் தாங்குவார்? நான் சர்வீஸ்ல இருந்தப்ப பார்த்த ஆபீசர்கள் ஒருத்தரும் இப்படி "அவசரம்"னு தலைப்பு வெச்சுக் கேட்டு வந்தவங்க இல்ல.

பாலக்கோடு_தக்காளி
அவங்க காலத்துல நெட்டே இல்ல சார்.

கேஆர்பி_டேம்
நான் இப்ப ஏஎஃப்கேட்டுக்கு (ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் நுழைவுத் தேர்வு) படிச்சிட்டு இருக்கேன், தெரிஞ்சதைச் சொல்றேன். ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் என்ட்ரில எந்த ஜாதிக்கும் வயசு ரிலாக்சேஷன் கிடையாது. ஓபிசி, எஸ்சி, எஸ்டி எல்லாருக்கும் ஒரே கணக்கு. அந்த கோச்சிங்காரங்க கோஸ்ட் கார்டு அசிஸ்டென்ட் கமாண்டன்ட்டோட குழப்பிட்டாங்களோ என்னவோ, அதுல ஓபிசிக்கு 3, எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் உண்டு. வேணும்னே சொல்லியிருந்தாலும் ஆச்சரியம் இல்ல. தேர்வுக் கட்டணமே 550 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

தொப்பூர்_கணவாய்
டெரிட்டோரியல் ஆர்மில 42 வயசு வரைக்கும் ஆபீசர் ஆகலாம். வேலையில இருந்துகிட்டே போகலாம். தோனி அதுலதானே லெப்டினன்ட் கர்னல்.

சார்ஜென்ட்_ஓய்வு
தோனிக்குக் கொடுத்தது கௌரவப் பதவி. அவர் பாரா ரெஜிமென்ட், பாராசூட்ல குதிச்சார், விமானம் ஓட்டல. தம்பி கேட்டது ஏர்ஃபோர்ஸ். கேள்வியைப் படிங்க.

ஷிப்ட்காரன்_ஓசூர்
சாரி, இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தேன். 2001 அக்டோபர். பி.இ. மெக்கானிக்கல், 62 பர்சன்ட், 2023ல முடிச்சேன். பிளஸ் டூ பயோ மேத்ஸ் குரூப். இப்ப சிப்காட்ல ஒரு கம்பெனியில குவாலிட்டில இருக்கேன். ஆவணின்னா கல்யாணம்தான், மாமா பொண்ணு. கண்ணாடி போட்டிருக்கேன். பைலட்தான் ஆசை. கல்யாணம் ஆனா அப்ளை பண்ண முடியாதுன்னு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா?

தொப்பூர்_கணவாய்
பயோ குரூப்பா? அப்ப போச்சு.

அரூர்_அக்கா
பயோ மேத்ஸ்ல கணக்கும் இருக்கு, பிசிக்ஸும் இருக்கு. பயாலஜி கூட இருந்தா தப்பா? அந்த ரெண்டுலயும் 50 பர்சன்ட் தாண்டியிருந்தா போதும். தம்பி, பிசிக்ஸ்ல எவ்வளவு?

சார்ஜென்ட்_ஓய்வு
1. பைலட்: 24 வயசுக்குள்ள. உங்களுக்கு முடிஞ்சது.
2. கல்யாணம் ஆனவங்களை எடுக்கறதில்ல. கதவு சாத்தியாச்சு.
3. கண்ணாடி. அதையும் சேர்த்துக்கோங்க.
மனசைத் தேத்திக்கிட்டு இருக்கற வேலையைப் பாருங்க. மாமா பொண்ணைக் காக்க வைக்காதீங்க.

அரூர்_அக்கா
சார், ரெண்டாவது தப்பு. என் தம்பி மைசூர் ஏஎஃப்எஸ்பிக்கு (ஏர்ஃபோர்ஸ் ஆபீசர் செலக்‌ஷன் போர்டு) இன்டர்வியூ போனப்ப இந்த ரூலை வரிவரியா படிச்சிருக்கோம். கோர்ஸ் தொடங்கற நாள்ல 25 வயசுக்குக் கீழ இருந்தா கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. 25 தாண்டினவங்க கல்யாணம் ஆகியிருந்தாலும் போடலாம். ஒரே விஷயம், ட்ரெய்னிங் முடியற வரைக்கும் குடும்பத்தோட இருக்க முடியாது, குவார்ட்டர்ஸ் தரமாட்டாங்க.

சார்ஜென்ட்_ஓய்வு
ஆவணியில அவருக்கு 24தான் நடக்கும் மேடம். அக்டோபர்லதான் 25.

அரூர்_அக்கா
ஃபார்ம் போட்டதுக்கு அப்புறம் ட்ரெய்னிங் முடியற வரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாதுதான் சார். ஆனா வயசுக்கு கோர்ஸ் தொடங்கற தேதிதான் கணக்கு. இப்ப ஜூன்ல ஃபார்ம் திறந்து ஆகஸ்ட் வாக்குல பரீட்சை நடக்கற பேட்ச் போய் சேர்றது 2027 ஜூலைல. அன்னிக்கு தம்பிக்கு 25 முடிஞ்சு ஒன்பது மாசம்.

சார்ஜென்ட்_ஓய்வு
ட்ரெய்னிங்ல மனைவியோட இருக்க முடியாதுன்னுதான் நானும் சொல்ல வந்தேன்.

பாலக்கோடு_தக்காளி
சரிங்க சார்.

கேஆர்பி_டேம்
அக்கா சொன்ன அதே தேதிக் கணக்குல வயசையும் பாருங்க. பைலட்டுக்கு 20ல இருந்து 24, கிரவுண்ட் டியூட்டிக்கு (பைலட் இல்லாத மத்த பிராஞ்சுங்க) 20ல இருந்து 26. அதாவது 2027 ஜூலை கோர்ஸுக்கு கிரவுண்ட் டியூட்டின்னா 2001 ஜூலை 2 அல்லது அதுக்கு அப்புறம் பிறந்திருக்கணும். அண்ணன் அக்டோபர். உள்ள வந்துடறார். அதுக்கு அடுத்தது 2028 ஜனவரி கோர்ஸ். அதுக்கு 2002 ஜனவரி 2 அல்லது அதுக்கு அப்புறம் பிறந்திருக்கணும், அதுல வெளிய போயிடுவார். ஆக அண்ணனுக்கு இருக்கறது இந்த ஒரே சான்ஸ். இதை விட்டா ஏஎஃப்கேட் அவ்வளவுதான்.

தொப்பூர் அண்ணா சொல்ற சிபிஎல்லும் இதே இடத்துலதான் மாட்டும். டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பேப்பர் எல்லாம் பாஸ் பண்ணணும், 200 மணி நேரம் பறந்திருக்கணும், மெடிக்கல் எடுக்கணும், லைசென்ஸ் கைக்கு வரணும். எல்லாம் 2027 ஜூலை பேட்ச்சுக்குள்ள. லோன் சாங்ஷன் ஆகறதுக்குள்ளயே ஃபார்ம் மூடிடும்.

தொப்பூர்_கணவாய்
ஏர்லைன்ஸுக்காவது ஆகும்ல. நம்ம பக்கத்துல சேலத்துலயே ஏர்போர்ட் இருக்கு. ஓசூர்லயும் வரப்போகுது. வந்தா பைலட்டுக்கு ஊர்லயே வேலை.

காவேரிப்பட்டணத்தான்
ஓசூர் ஏர்போர்ட்டா, அது எப்ப வந்து. 2024 ஜூன்ல சட்டசபையில அறிவிச்சாங்க, 2000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடி பயணிகள்னு. பெங்களூரு ஏர்போர்ட்காரங்க ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் புது ஏர்போர்ட் கூடாதுன்னு இருக்கு. ஓசூர்ல இருந்து பெங்களூரு மெஜஸ்டிக் 40 கிலோமீட்டர்.

ராயக்கோட்டை_ரோடு
பெலகொண்டபள்ளில ஏற்கனவே ரன்வே இருக்கே, தனியார் கம்பெனியோடது. அதை எடுத்து விரிவாக்கினா முடிஞ்சது.

காவேரிப்பட்டணத்தான்
ரன்வே நீளம் மட்டும் இருந்தா போதுமா? வானம் யார் கையில இருக்கு? எச்ஏஎல், எலகங்கா ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன்னு அந்தப் பக்கம் முழுக்க அவங்க கன்ட்ரோல். அனுமதி வாங்கறதுக்கே தாவு தீந்துடும்.

பாலக்கோடு_தக்காளி
உங்களுக்கு ஏர்போர்ட். எங்களுக்கு மொரப்பூர் – தருமபுரி ரயில் லைனே இன்னும் கனவு. வெள்ளைக்காரன் காலத்துல ஓடின ரயில், பிடுங்கினதோட சரி. மொதல்ல அதைப் போடுங்க.

ராயக்கோட்டை_ரோடு
தருமபுரிக்காரங்க எதைப் பேசினாலும் ரயிலுக்கு வந்துடறாங்க.

பாலக்கோடு_தக்காளி
ஆமா, தக்காளி லாரிக்கு டீசல் நீங்களா போடறீங்க?

அரூர்_அக்கா
ரெண்டு பேரும் தனியா ஒரு இழை ஆரம்பிச்சு சண்டை போடுங்க. இங்க ஒரு பையன் ஒரே சான்ஸோட நிக்கறான்.

தம்பி, மெக்கானிக்கல்னா டெக்னிக்கல் பிராஞ்ச்ல மெக்கானிக்கல் பக்கம் போடலாம், 60 பர்சன்ட் கேக்கறாங்க, உங்களுக்கு 62 இருக்கு. பர்சன்ட் சர்ட்டிபிகேட்டை மட்டும் யுனிவர்சிட்டி கணக்குல வாங்கி வெச்சுக்கோங்க. சிஜிபிஏவை நீங்களே பெருக்கிப் போட்டுட்டு இன்டர்வியூல போய் நின்னீங்கன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. என் தம்பிகூட வந்த ஒரு பையன், ராத்திரி முழுக்க பஸ்ல வந்தவன், ஒரு பேப்பர் இல்லாம கேட் வாசல்லயே நின்னுட்டுத் திரும்பினான்.

கேஆர்பி_டேம்
அண்ணா, பைலட் ஆசைன்னு சொன்னீங்களே, இதைக் கண்டிப்பா பாருங்க. வெப்பன் சிஸ்டம்ஸ்னு புது பிராஞ்ச் 2022ல ஆரம்பிச்சாங்க. ஏஎஃப்கேட்ல அது கிரவுண்ட் டியூட்டி நான்-டெக்னிக்கல்ல வரும், அதனால வயசு 26 வரைக்கும். ஆனா அதுக்குள்ள நாலு பிரிவு: தரையில இருந்து தரைக்குப் போற ஏவுகணை, தரையில இருந்து வானத்துக்குப் போற ஏவுகணை, ஆளில்லா விமானம், அப்புறம் ரெண்டு சீட் விமானத்துல பின்னாடி உக்காந்து ஆயுதம் இயக்கறவர். சுகோய்ல பின்சீட்டு! இதுக்கும் பிளஸ் டூல கணக்கு, பிசிக்ஸ் 50 பர்சன்ட் கேக்கறாங்க. டிகிரி எதுவானாலும் 60 பர்சன்ட் போதும்.

சார்ஜென்ட்_ஓய்வு
எங்க காலத்துல அப்படி ஒரு பிராஞ்ச் இல்ல. நேவிகேட்டர்னு இருந்தாங்க. எந்தப் பிரிவு கிடைக்கும்னு தம்பி கையில இல்ல, அதையும் சொல்லிடுங்க. ஆசை காட்டி விட்டுடாதீங்க.

கேஆர்பி_டேம்
அது சரிதான் சார்.

தொப்பூர்_கணவாய்
கண்ணாடிக்கு உடனே லேசிக் ஆபரேஷன் பண்ணிடுங்க தம்பி. சேலத்துல அரை நாள் வேலை.

அரூர்_அக்கா
பண்ணாதீங்க! லேசிக் பண்ணா 12 மாசம் ஆகியிருக்கணும்னு ரூல். இன்னிக்குப் பண்ணிட்டு அடுத்த வருஷம் ஆரம்பத்துல மெடிக்கலுக்குப் போனா அதுக்கே ரிஜெக்ட். டெக்னிக்கல் பிராஞ்சுக்கு பவர் ஒரு வரம்புக்குள்ள இருந்தா கண்ணாடியோடயே எடுக்கறாங்க. பவரை முதல்ல ஒரு கண் டாக்டர்கிட்ட அளந்து எழுதி வாங்குங்க.

சார்ஜென்ட்_ஓய்வு
எல்லாரும் எப்படி உள்ள போறதுன்னுதான் பேசறீங்க. வெளிய வர்றதை யாரும் சொல்லல. கிரவுண்ட் டியூட்டி ஷார்ட் சர்வீஸ் 10 வருஷம், அப்புறம் 4 வருஷம் நீட்டிப்பு. பெர்மனென்ட் கிடைச்சாதான் பென்ஷன் பத்தி யோசிக்கணும். 36 வயசுல, ரெண்டு குழந்தையோட, சிவில் பக்கம் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நான் இருபது வருஷம் போட்டேன், மாசா மாசம் பென்ஷன் வருது, அதனால பேச முடியுது. இதைத் தம்பி மாமனார் கேப்பார், பதில் வெச்சுக்கட்டும்.

பாலக்கோடு_தக்காளி
இந்த ஒரு பதிவு நல்லா இருக்கு சார். முன்னாடியே இப்படி எழுதியிருக்கலாம்.

காவேரிப்பட்டணத்தான்
ட்ரெய்னிங்லயே மாசம் 56,100 ஸ்டைபண்ட். சிப்காட்ல குவாலிட்டில இருக்கற பையனுக்கு 36 வயசுல மட்டும் என்ன உத்தரவாதம் இருக்கு? கான்ட்ராக்ட்னு எழுதி நிறுத்தினா அதுவும் அதே கதைதான். ஏர்ஃபோர்ஸ் ஆபீசரா இருந்துட்டு வர்றவனைக் கூப்பிட கம்பெனிங்க இருக்கு.

அரூர்_அக்கா
இன்னொண்ணும் கையோட பாத்து வைங்க தம்பி. ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டில ஏர் டிராபிக் கன்ட்ரோல் ஜூனியர் எக்சிகியூட்டிவ், வயசு 27. அதுல ஓபிசிக்கு 3 வருஷம் நிஜமாவே உண்டு. ஆனா மத்திய அரசு ஓபிசி சர்டிபிகேட் வேணும், நம்ம ஊர் எம்பிசி சர்டிபிகேட் செல்லாது. இ-சேவைல தனியா அப்ளை பண்ணி கிரீமிலேயர் இல்லன்னு வாங்கணும்.

ராயக்கோட்டை_ரோடு
ஆளையே காணோம். 40 ஆயிரத்தைக் கட்டிட்டாரோ?

கேஆர்பி_டேம்
அண்ணா, ஃபார்ம் திறந்தாச்சு. இருக்கீங்களா?

ஷிப்ட்காரன்_ஓசூர்
இருக்கேன். ஷிப்ட் மாத்திட்டாங்க, போன் எடுக்க முடியல. கோச்சிங்குக்குக் கட்டல. பிசிக்ஸ் 54, கணக்கு 61. ஃபார்ம் போட்டாச்சு. கல்யாணத்தை ட்ரெய்னிங் முடியற வரைக்கும் தள்ளி வெச்சிருக்காங்க, மாமாவே கேட்டுக்கிட்டார். எல்லாருக்கும் நன்றி.

சார்ஜென்ட்_ஓய்வு
சாய்ஸ் வரிசை எப்படிக் கொடுத்தீங்க? டெக்னிக்கலை முதல்ல போட்டீங்களா, வெப்பன் சிஸ்டம்ஸையா?

பாலக்கோடு_தக்காளி
சார் கேட்டுட்டார், பதில் சொல்லிட்டுப் போங்க ப்ரோ.