பாலிக்குப் போய் ஸ்பாவுக்கும் ஷாப்பிங்குக்கும் காசு கொடுக்கணுமா?

கல்மண்டபம்காரி:
ஒரு பஞ்சாயத்து. நானும் நாத்தனாரும் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாலி போகிறோம். கோலாலம்பூர் வழியாக டிக்கெட் போட்டாயிற்று. பாதி நாட்கள் உபுத் ஊரில், பாதி நாட்கள் சனூர் கடற்கரையில். செலவுக் கணக்கைப் பார்த்த என் வீட்டுக்காரர் இரண்டு வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டார்: ஸ்பா, ஷாப்பிங். "எண்ணெய் நம்ம வீட்டில் இல்லையா? துணி எம்.சி. ரோட்டில் இல்லையா?" என்கிறார். கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு வந்தால் போதுமாம். போய் வந்தவர்களும் சொல்லுங்கள், போகாமலே பேசத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:
நான் இரண்டாவது வகை, ஆனால் கணக்கு தெரியும். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அங்கே இறங்கியதும் விசாவுக்கு இந்தோனேசியப் பணத்தில் ஐந்து லட்சம் ரூபியா. 2024 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் தனியாக ஒன்றரை லட்சம் வாங்குகிறார்கள். ஆக ஆளுக்கு ஆறரை லட்சம், நம் காசில் 3,500 ரூபாய் சொச்சம், வாசலிலேயே போய்விடும். அதற்கு மேல் ஹோட்டல் ஸ்பா. விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். வரி தனி, சேவைக் கட்டணம் தனி என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்தால் 21 சதவீதம் வரை ஏறும். அப்புறம் அந்தப் பூத்தொட்டி! தொட்டி நிறையப் பூவைக் கொட்டி, அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு எழுந்து வருவதற்கு அவ்வளவு காசா? செக்கு நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினால் வீடே குளிக்கும்.

வியாசர்பாடி நர்ஸ்:
வீடே குளிக்கும், சரி. தேய்த்துவிடுவது யார், சார்? தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் காய்ச்சுவது அம்மா. பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் தலையில் வைத்துத் தேய்ப்பது அம்மா. சீயக்காய் கரைப்பதும் அவர்தான். கடைசியில் தனக்கு என்று வரும்போது உச்சியில் ஒரு கை வைத்துக்கொண்டு, இட்லிப் பானையைப் பார்க்க ஓடிவிடுவார். எங்கள் வார்டில் அறுபது வயது அம்மாக்களுக்குத் தோளில் வலித் தைலம் தடவினால் போதும், கூச்சத்தில் "விடும்மா, விடும்மா" என்பார்கள். தன் உடம்பை இன்னொருவர் கவனிப்பதே பழக்கமில்லை. அந்த எண்ணெய் வீட்டில்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

விலையைப் பற்றியும் சொல்கிறேன். ஹோட்டலுக்கு உள்ளேதான் நீங்கள் சொல்லும் விலை. உபுத் தெருக்கடைகளில் ஒரு மணி நேர பாலி மசாஜ் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் ரூபியாவுக்குக் கிடைக்கும். நம் காசில் 550லிருந்து 800 ரூபாய். சனூரிலும் ஏறக்குறைய அதேதான்.

பெரம்பூர் லோகோ:
உருக்கமாகப் பேசுகிறீர்கள் நர்ஸம்மா. வீட்டு ஆண்களுக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியாது என்பது வீட்டுப் பிரச்சினை. அதற்கு மருந்து இன்னொரு நாட்டில் எதற்கு? கணவரை உட்கார வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், இலவசம். எங்கள் பக்கம் பாக்ஸிங் பையன்களைப் பாருங்கள், பயிற்சி முடிந்ததும் ஒருவருக்கொருவர் உடம்பு பிடித்துவிடுகிறார்கள். யாரும் பூ கேட்பதில்லை.

வியாசர்பாடி நர்ஸ்:
பையன்கள் பையன்களுக்குப் பிடித்துவிடுகிறார்கள். அக்காமார்களுக்குப் பிடித்துவிடும் ஜிம் பெரம்பூரில் இருந்தால் முகவரி கொடுங்கள், நானே வருகிறேன்.

கல்மண்டபம்காரிக்கு: பட்டியலில் என்ன எடுப்பது என்று பார்த்துச் செய்யுங்கள். போரே என்று ஒன்று இருக்கும். அரிசி, இஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் அரைத்து உடம்பில் பூசுவது. வயலில் ஈரத்தில் நின்று வேலை செய்த விவசாயிகள் உடம்பு சூடேறப் பூசிக்கொண்டது அது. காய்ந்ததும் உதிர்த்துவிட்டு, துருவிய கேரட்டைத் தேய்ப்பார்கள், சிரிக்காதீர்கள். நன்றாகவே எரியும். வெயிலில் தோல் சிவந்த அன்று அதன் பக்கமே போகவேண்டாம், கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். லுலுர் வேறு. அது ஜாவா அரண்மனைப் பெண்களின் வழக்கம். கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சளும் அரிசி மாவும் பூசித் தேய்த்து, கடைசியில் தயிர் தடவுவார்கள். நம் நலங்கு மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போகிறவர்களுக்கு அதுதான் சுகம்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? ஸ்பாவில் வெந்நீரில் கால் வைக்கச் சொல்வார்கள், காலில் மரமரப்பு இருந்தால் வைக்க விடாதீர்கள். சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். மீன் கடிக்கும் தொட்டியும் வேண்டவே வேண்டாம்.

எம்சி ரோடு துணிக்கடை:
ஸ்பாவைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஷாப்பிங் வரியைப் பற்றிப் பேசலாம். துணிக்காரன் சொல்கிறேன், பாலியில் சாரோங் என்று வாங்கி வருவதில் பெரும்பகுதி ரேயான் பிரிண்ட். ஆலையில் அடித்து மூட்டையாக வருவது. எங்கள் தெருவில் நைட்டி தைக்கும் துணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கடற்கரையில் இடுப்பில் கட்ட ஒன்று வாங்குங்கள், கோயிலுக்குள் போகவும் ஆகும். சொந்தக்காரர்களுக்கு எல்லாம் டஜன் கணக்கில் வாங்குவது வீண்.

ஆனால் "எம்.சி. ரோட்டில் துணி இல்லையா" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். கையால் செய்த பாட்டிக் எங்கள் தெருவில் இல்லை. செம்புக் குழாய் வைத்த சின்னக் கருவியில் உருகிய மெழுகை எடுத்து, கோடு கோடாக இழுத்து, சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகு இட்டுச் செய்வது அது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கைவேலை. அது ஜாவாவின் வேலை, பாலிக் கடைகளிலும் கிடைக்கும். செம்பு அச்சில் மெழுகு ஒற்றுவது இரண்டாம் ரகம். மூன்றாவது வெறும் பிரிண்ட், அதைத்தான் முதல் ரகத்தின் விலைக்கு நீட்டுவார்கள்.

எப்படிப் பார்ப்பது? துணியைத் திருப்புங்கள். பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும். கைவேலையில் நிறம் இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்கியிருக்கும். மெல்லிய ரேயானில் பிரிண்டும் பின்னால் ஊறிவிடும், அதனால் அதோடு நிற்காதீர்கள். ஒரே பூ திரும்ப வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் மடித்து வையுங்கள். கையால் போட்டது என்றால் ஒரு காம்பு வளைந்திருக்கும், ஒரு புள்ளி தள்ளி விழுந்திருக்கும். மயிரிழை மாறாமல் அச்சுப் பிசகாமல் இருந்தால் மிஷின். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கடைக்காரர் முகத்தைப் பாருங்கள், நீங்கள் மடிக்கும்போதே விலை இறங்கும்.

கிழக்கே தெங்ஙானான் என்று ஒரு கிராமம். பாவு, ஊடு இரண்டு நூலையும் முன்கூட்டியே கட்டிச் சாயம் போட்டு, அப்புறம் தறியில் பொருத்தி நெய்கிறார்கள். இந்தோனேசியாவிலேயே அங்கே மட்டும்தான். குஜராத் பட்டோலா தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு துணி முடிய வருஷக்கணக்கில் ஆகும். விலை கேட்டால் தலை சுற்றும், கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அதே ஊர்ப் பக்கம் அட்டா பை என்று கொடியில் முடைந்த வட்டப் பை. முடைந்து, வெயிலில் காயவைத்து, தேங்காய் மட்டைப் புகையில் வைத்து எடுப்பார்கள். அதனால்தான் அந்தப் பழுப்பு நிறம். திறந்து முகர்ந்தால் புகை வாசம் வரவேண்டும், வார்னிஷ் வாசம் வந்தால் வைத்துவிடுங்கள். என் கடைக்கு வரும் பெண்கள் கையில் அந்தப் பையைப் பார்த்திருக்கிறேன், நன்றாக உழைக்கிறது.

மிண்ட் தெரு வெள்ளி:
துணிக்கடை அண்ணன் வெள்ளியை விட்டுவிட்டார். உபுத் போகிற வழியில் செலுக் கிராமம், தட்டான் வேலைதான் ஊரே. கடுகைவிடச் சின்ன வெள்ளி மணிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பற்றவைப்பார்கள். சௌகார்பேட்டையில் கொலுசு வாங்குவது போல எடை போட்டுக் கணக்குப் பார்த்தால் அடிவயிறு கலங்கும். அங்கே நகைக்கு விலை, எடைக்கு இல்லை. வெள்ளியின் சுத்தத்தைச் சொல்லும் 925 முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பில் வாங்குங்கள்.

பெரம்பூர் லோகோ:
அதாவது வெள்ளி விலைக்கு மேலே மூன்று மடங்கு கொடுத்துவிட்டு "கைவேலை" என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். நாளைக்கு அடகுக் கடைக்குப் போனால் கைவேலைக்கு எவ்வளவு தருவான்?

மிண்ட் தெரு வெள்ளி:
ஒன்றும் தரமாட்டான். நீங்கள் கட்டியிருக்கும் வாட்ச்சுக்கும் ஒன்றும் தரமாட்டான்.

பர்மா பஜார் பையன்:
சண்டை நடுவில் ஒரு விஷயம். நோட்டில் ஏமாறாதீர்கள். குட்டா கடற்கரைப் பக்கம் சந்துக்குள் இருக்கும் பணம் மாற்றும் கடைகள் போர்டில் ஆசை காட்டும் ரேட் போடும். உங்கள் கண் முன்னாலேயே எண்ணி, மேஜைக்குப் பின்னால் நாலு நோட்டை நழுவ விடுவார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே வளர்ந்தவன், கை வித்தை எனக்குத் தெரியும். கடைசியாக எண்ணுவது உங்கள் கையாக இருக்கட்டும், எண்ணியபின் நோட்டு மறுபடி அவர் கைக்குப் போகக்கூடாது. பேங்க் இந்தோனேசியா அனுமதி முத்திரை மாட்டிய கடையில் மாற்றுங்கள். சிவப்பு நோட்டு ஒரு லட்சம், ஊதா பத்தாயிரம். பூஜ்ஜியம் குழப்பும், நிறத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு காற்று:
எல்லாரும் ஏமாறாமல் இருப்பது எப்படி என்றே பேசுகிறீர்கள். நான் வேறு கேட்கிறேன். உபுத் மார்க்கெட்டில் ஒரு பாட்டி இரண்டு லட்சம் சொன்ன பையை நாற்பதாயிரத்துக்குக் கேட்டு, அவர் முகம் தொங்கியதைச் சிரித்துக்கொண்டே வீடியோ போடுகிறார்கள் நம் ஊர் ஆட்கள். அந்த மிச்சம் இங்கே ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடும் காசு. ஏலத்தில் மீனுக்கு அடிமாட்டு விலை கேட்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு அது ருசிக்காது. மசாஜ் செய்யும் பெண்ணும் அப்படித்தான். நாள் முழுக்க அடுத்தவர் முதுகு அழுத்தி அவர் விரல் என்ன ஆகும் என்று யாராவது கேட்டீர்களா, நர்ஸக்கா உள்பட?

வியாசர்பாடி நர்ஸ்:
நியாயம். அதனால்தான் மலிவுக்கும் மலிவான கடையைத் தேடாதீர்கள் என்பேன். முடிந்ததும் டிப்ஸை அவர் கையில் கொடுங்கள், கல்லாவில் கொடுத்தால் போய்ச் சேருமா என்று உறுதியில்லை. ஆனால் போகாமல் இருந்தால் அவருக்கு என்ன லாபம், தம்பி?

எம்சி ரோடு துணிக்கடை:
காற்று தம்பி, பேரம் பேசுவது பாவம் இல்லை. சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போகிறவரைப் பார்த்து எந்தக் கடைக்காரரும் கும்பிடுவதில்லை, அடுத்தவருக்கு விலையை ஏற்றிச் சொல்வார். பாதியில் ஆரம்பித்து, சிரித்துப் பேசி, நடுவில் எங்கேயாவது நில்லுங்கள். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் விலை கேளுங்கள், அவர் ஒப்புக்கொண்ட பிறகு நழுவுவதுதான் அசிங்கம். காலையில் போனால் நல்லது. அங்கேயும் போணி உண்டு. முதல் விற்பனைக் காசை வாங்கி மற்றச் சரக்கின் மேல் எல்லாம் தட்டுவார்கள். போணி நேரத்தில் வந்தவரைத் திருப்பி அனுப்ப மனசு வராது, கொஞ்சம் குறைப்பார்கள். மொத்தமாக எடுப்பதாக இருந்தால் உபுத் வேண்டாம், சுகாவதி சந்தை. பேரமே பிடிக்காதவர்களுக்கு கிருஷ்ணா என்று பெரிய கடை இருக்கிறது, ஒரே விலை, ஏசி. பேரைப் பார்த்து நம்மூர் மிட்டாய்க் கடை என்று நினைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் பை 2019லிருந்து அங்கேயும் தடை, மஞ்சப்பை எடுத்துப் போங்கள்.

காசிமேடு காற்று:
போணி நேரத்தில் போய்க் குறைத்துக் கேட்பதற்குப் பேர் சாமர்த்தியம் என்றால் நான் மத்தியானமே போகிறேன் அண்ணே.

பெரம்பூர் லோகோ:
ஒன்றுக்காவது பதில் சொல்லுங்கள். டாக்ஸி டிரைவர் தானாகவே கூட்டிப்போய் இறக்கும் காபித் தோட்டம், வெள்ளிக் கடை, "சொந்தக்காரர் ஸ்பா" எல்லாம் கமிஷன்தானே? புனுகுக் காபி என்று மரநாயைக் கூண்டில் அடைத்து, அதன் எச்சத்திலிருந்து எடுத்த கொட்டையைக் கிராம் கணக்கில் விற்கிறார்கள். மரநாய் நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையிலேயே ஓடுகிறது.

பர்மா பஜார் பையன்:
கமிஷன்தான். கடையின் பேரைக் காலையிலேயே நீங்கள் சொல்லிவிட்டால் டிரைவர் உங்களைச் சுற்றவிடமாட்டார். கூண்டுக் காபியை விட்டுவிடுங்கள், அதில் லோகோ சார் சொல்வது நூற்றுக்கு நூறு.

கல்மண்டபம்காரி:
எல்லாவற்றையும் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். "யார் தேய்க்கிறார்" என்ற இடத்தில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து ஸ்பா வரியில் மட்டும் "தெருக்கடை" என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். அம்மாதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, அந்நியர் முன்னால் துணி மாற்றவே மாட்டேன் என்கிறார்.

வியாசர்பாடி நர்ஸ்:
கால் மசாஜும் தோள் மசாஜும் உடுத்திய துணியோடே செய்வார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், நீங்களும் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். பெண்தான் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் லோகோ:
ஷாப்பிங் வரி என்ன ஆயிற்று?

கல்மண்டபம்காரி:
அது சிவப்பிலேயே இருக்கிறது சார். அந்தக் காசு என் டைலரிங் வருமானம், அதில் அவர் கையெழுத்து கேட்கப் போவதில்லை. துணிக்கடை அண்ணா, அட்டா பை எட்டு அங்குலம் போதுமா, பத்து வாங்கவா? போனும் கண்ணாடிக் கூடும் உள்ளே போகவேண்டும்.

எம்சி ரோடு துணிக்கடை:
எட்டு போதும். தோல் வார் தைத்த இடத்தை இழுத்துப் பார்த்து வாங்குங்கள், முதலில் விடுவது அங்கேதான்.